கட்டை வெச்சாச்சா?

டீக்கடை மேஜைக்கு ஒரு கால் எப்போதும் குட்டையாகத்தான் இருக்கும். கிளாஸை வைத்ததும் மேஜை ஒரு பக்கம் சாயும், டீ தளும்பி சட்டைக் கைக்கு வரும். நாம் என்ன செய்வோம்? காலி சிகரெட் பெட்டியை நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் சொருகுவோம். ஆட்டம் நின்றுவிடும். பக்கத்து பெஞ்ச் ஆசாமி நம்மை ஒரு சிவில் இன்ஜினீயரைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்ப்பார்.

இதே வேலையை நாலரை டன் எடையுள்ள ஒரு வீட்டுக்குச் செய்யச் சொன்னால்?

செய்தேன் சார். போன வருஷம் ஜூலையில், அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்தில், மனுஷ நடமாட்டம் குறைந்த ஒரு சரிவில், காற்று வேட்டியாக இருந்தால் உருவியிருக்கும் வேகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில். (நல்லவேளை, பேன்ட்.)

அக்கா இருப்பது டென்வரில். அத்தானுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. மனிதர் பதினைந்து வருஷம் ஒழுங்காக வேலைக்குப் போய், வீட்டு லோனைக் கட்டி, புல் வெட்டி, பனி வாரி, நல்ல பெயரோடு இருந்தார். திடீரென்று ஒரு நாள் சக்கரம் வைத்த வீடு ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டார். ஹால், கிச்சன், பெட்ரூம், பாத்ரூம் எல்லாம் உண்டு. நீளம் 30 அடி. அக்கா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இருக்கிற ஒரு வீட்டைப் பெருக்கறதுக்கே எனக்கு இடுப்பு ஒடியுது" என்று மட்டும் சொன்னாளாம்.

இதற்குப் பெயர் ஃபிஃப்த் வீல். ஐந்தாவது சக்கரம். நான் வண்டியை ஒரு சுற்று சுற்றி எண்ணிப் பார்த்தேன். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. நாலுதான்.

"அத்தான், அஞ்சாவது எங்கே? ஸ்டெப்னியையும் சேர்த்து எண்ணிட்டாங்களா?"

"மாப்ளே, நீ பி.காம்னு மறுபடி மறுபடி நிரூபிக்காதே" என்றார்.

விஷயம் இதுதான். சாதாரண டிரெய்லரை வண்டியின் பின் பம்பரில் ஒரு குண்டுக் கொக்கியில் மாட்டுவார்கள். இது அப்படியில்லை. பிக்கப் ட்ரக்கின் பின்பக்கத் தொட்டிக்கு நடுவில், பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, ஒரு இரும்புத் தட்டு. டிரெய்லரின் மூக்கு அந்தத் தட்டின் மேல் வந்து உட்காரும். மூக்கிலிருந்து தொங்கும் கிங் பின்னைத் தட்டில் உள்ள தாடை கவ்விக்கொள்ளும். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி பார்த்திருப்பீர்களே, அதே ஏற்பாடு. குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் ஒரு வளையத்தைப் படுக்கை வாட்டில் வைத்திருந்தார்கள். நாலு சக்கரத்துக்கு மேலே படுத்திருந்த அந்த வளையம்தான் ஐந்தாவது சக்கரம். குதிரை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. இந்த மாதிரி மூக்கு நீட்டிய வீட்டு வண்டியை 1920களின் கடைசியில் செய்து விற்றவர்களில் ஒருவர், ஆகாய விமானம் கட்டிப் பெயர் வாங்கிய கிளென் கர்டிஸ். ஆகாயத்தில் பறந்த ஆளுக்கே தரையில் ஒரு வீடு இழுத்துப் போகத் தோன்றியிருக்கிறது, எங்கள் அத்தானைக் குறை சொல்லி என்ன பயன்?

எங்கள் வண்டி சாமான்களோடு சுமார் 10,000 பவுண்டு. அதாவது நாலரை டன். அதில் ஐந்தில் ஒரு பங்கு எடை ட்ரக்கின் முதுகில் உட்காரும். மீதியை அந்த நாலு சக்கரம் தாங்கும்.

திட்டம் என்னவென்றால் டென்வரில் கிளம்பி வடக்கே செயென், காஸ்பர் வழியாகப் போய், இரண்டாம் நாள் யெல்லோஸ்டோன். அத்தான், அக்கா, ஒன்பது வயசு அக்கா பொண்ணு, நான், ஒரு வாளி தோசை மாவு. மாவை ஏன் தனி ஆளாக எண்ணுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் நாள் காஸ்பர் தாண்டி ஒரு கேம்ப் மைதானத்தில் ராத்தங்கல். பெயர் வேண்டாம். மலைச்சரிவில் சரளைக்கல் கொட்டி நம்பர் போட்டு வைத்திருந்தார்கள். வேப்பமரம் மாதிரி நிழல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு கரன்ட் பெட்டி, ஒரு தண்ணீர்க் குழாய், பின்னால் ஒரு மர மேஜை. எங்கள் நம்பரில் இடது பக்கம் பள்ளம். பின்பக்கமும் பள்ளம். அத்தான் ஒரு பாட்டில் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பார்த்தார். அது யோசிக்கவே இல்லை, நேராகப் பின் மேஜையை நோக்கி ஓடியது.

அந்தத் தண்ணீரை அப்போதே நான் ஒழுங்காகக் கவனித்திருக்க வேண்டும்.

'ஒரு ராத்திரி தூங்கத்தானே போகிறோம், கொஞ்சம் சாய்ந்திருந்தால் என்ன? ரயிலில் தூங்கவில்லையா?' என்றுதான் நானும் கேட்டேன். அத்தான் பதில் சொல்லாமல் ஃபிரிட்ஜைக் காட்டினார்.

நம் வீட்டு ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரில் ஓடுவது. தலைகீழாக நிறுத்தாத வரை அதற்குக் கோபம் வராது. பழைய டிரெய்லர்களில் இருப்பது வேறு ஜாதி. காஸ் அடுப்பு மாதிரி ஒரு சின்னச் சுடர் எரியும், அந்தச் சூட்டில் ஃபிரிட்ஜ் குளிரும். நெருப்பில் ஐஸ்! கதை விடவில்லை. உள்ளே அம்மோனியாவும் தண்ணீரும் கலந்து ஒரு கரைசல். சுடரின் சூட்டில் அம்மோனியா ஆவியாகி மேலே போகும், அங்கே குளிர்ந்து திரவமாகிக் கீழே இறங்கும், இறங்கும் வழியில் மறுபடி ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. திரவம் தானாகக் கீழே வழிவதை நம்பித்தான் மொத்த வியாபாரமும். 1922-ல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்று இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த சமாசாரம். ஐன்ஸ்டைன்கூட நண்பர் ஸிலார்டோடு சேர்ந்து 1926-ல் இந்த மாதிரி பம்ப் இல்லாத ஃபிரிட்ஜில் இறங்கியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி சாய்ந்து நின்றால் திரவம் குழாய் வளைவுகளில் தேங்கிவிடும். சுடர் எரிந்துகொண்டே இருக்கும், கொதிகலத்தில் சரக்கு இருக்காது. காலி சட்டியை அடுப்பில் வைத்த கதை. துரு பிடிக்காமல் இருக்க உள்ளே கலந்திருக்கும் மருந்து கெட்டியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். அப்புறம் அந்த யூனிட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான், ரிப்பேர் என்ற பேச்சே கிடையாது. சில சமயம் தீ விபத்துவரை போனதும் உண்டு. ரோட்டில் ஓடும்போது பரவாயில்லை, குலுங்கிக்கொண்டே போவதால் திரவம் ஓரிடத்தில் தங்காது. நிறுத்தினால்தான் வம்பு. இப்படிப்பட்ட ஃபிரிட்ஜுக்கு இடம் வலமாக 3 டிகிரி, முன் பின்னாக 6 டிகிரி, அதற்கு மேல் சாயக் கூடாது என்பது பொதுவான கணக்கு. இப்போது வருகிற டிரெய்லர்கள் பலவற்றில் பாட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. பட்டனைத் தட்டினால் ஆறு காலையும் தானே நீட்டி மட்டமாகிக்கொள்ளும் டிரெய்லர்களும் உண்டு. அத்தானுடையது பழசு. பட்டன் வேலையை மச்சினன் செய்ய வேண்டும்.

ஃபிரிட்ஜுக்குள் மாவு இருந்தது. அக்கா அதற்காகவே டென்வரில் இரண்டு நாள் கிரைண்டர் ஓட்டியிருந்தாள்.

மட்டம் பார்க்க அத்தானிடம் மூன்று சாதனம். டிரெய்லர் மூக்கில் ஒட்டிய ஒரு குமிழி. செல்போனில் ஒரு ஆப். மூன்றாவது, திருவாரூரில் ஒரு இரும்புக்கடையில் வாங்கி சூட்கேஸில் வேட்டிக்குள் சுற்றி எடுத்துப் போன கொத்தனார் ரசமட்டம். செல்போனின் முதுகில் காமிரா மேடு இருப்பதால் அது எப்போதுமே கொஞ்சம் பொய் சொல்லும். அத்தான் ரசமட்டத்தைத்தான் நம்புவார். அதை ஃப்ரீஸருக்குள் படுக்க வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "ரெண்டரை டிகிரி லெப்ட்ல டவுன்" என்றார்.

இங்கேதான் பி.காம் கொஞ்சம் உதவியது. ஒரு பக்கச் சக்கரத்துக்கும் மறுபக்கச் சக்கரத்துக்கும் இடைவெளி சுமார் ஆறடி. அப்படியானால் ஒரு டிகிரிக்கு ஒண்ணேகால் அங்குலம். ரெண்டரை டிகிரிக்கு மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். இடது பக்கம் மூன்று அங்குலம் துண்டு விழுகிறது. டிரையல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். இங்கே சஸ்பென்ஸ் அக்கவுன்ட் மஞ்சள் நிறத்தில், பிளாஸ்டிக்கில், குழந்தைகள் அடுக்கி விளையாடும் கட்டை மாதிரி இருந்தது. ஒன்று ஓர் அங்குலக் கனம். மூன்றை அடுக்கினால் மூன்று அங்குலம். ஏறுவதற்கு வசதியாக முதலில் ஒன்று, அடுத்து இரண்டு, அப்புறம் மூன்று என்று படி மாதிரி அடுக்க வேண்டும். இடது பக்கம் இரண்டு சக்கரம், ஆக இரண்டு அடுக்கு.

இதில் ஒரு வரிசை இருக்கிறது. ஆபீஸ் ஃபைல் மாதிரிதான், மேலதிகாரி கையெழுத்துக்கு முன்னால் டெஸ்பாட்சுக்குப் போகக் கூடாது. முதலில் இடம் வலம். ஏனென்றால் சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்ற ட்ரக் வேண்டும், டிரெய்லர் ட்ரக்கோடு மாட்டியிருக்கும்போதே அதை முடித்தாக வேண்டும். அதற்கப்புறம் ட்ரக்கைக் கழற்றுவது. கழற்றிய பிறகுதான் முன் பின் மட்டம். டிரெய்லரின் மூக்குக்கு அடியில் இரண்டு முன்னங்கால்கள் இருக்கின்றன, மோட்டாரில் ஏறி இறங்கும். அவற்றை ஏற்றி இறக்கி மூக்கைச் சரிப்படுத்தலாம். கடைசியாகப் பின்னால் இரண்டு ஜாக்கி. அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க அல்ல. பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஜாக்கியால் நெம்பித் தூக்கி, சட்டத்தை வளைத்துவிடுகிறார்களாம்.

நான் கீழே உட்கார்ந்து மஞ்சள் கட்டையை அடுக்கினேன். அத்தான் ட்ரக்கை ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். "வரலாம்... வரலாம்... வரலாம்... ஹோல்டான்!" டெப்போவில் பஸ்ஸுக்கு விசில் ஊதும் கண்டக்டர் குரல் எனக்குள் இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. இரண்டு சக்கரமும் மூன்றாவது படியில் ஏறி அம்சமாக நின்றது. ரசமட்டத்தில் குமிழி நட்ட நடுவில். பெருமை தாங்காமல் ஒரு போட்டோ எடுத்தேன். இன்னொன்று எடுத்தேன்.

அத்தான் ட்ரக்கை நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு இறங்கினார். முன்னங்கால்களுக்கு அடியில் பலகை போட்டு, மோட்டாரை ஓட்டிக் கால்களை ஊன்றினார். தொட்டியின் பின்கதவைத் திறந்து விட்டார். கரன்ட் ஒயரைப் பிடுங்கினார். பாதுகாப்புக் கம்பியைக் கழற்றினார். அந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"மாப்ளே! கட்டை வெச்சாச்சா?"

"வெச்சாச்சு அத்தான்!" என்றேன். மூன்றாவது போட்டோவில் சூரியனும் வர வேண்டும் என்று நகர்ந்துகொண்டிருந்தேன்.

வைத்துத்தானே இருந்தேன்? இரண்டு அடுக்கு, மஞ்சள் கட்டை, ஆறடிக்கு மூன்று அங்குலம், கணக்கோடு.

அவர் கேட்டது அந்தக் கட்டையை இல்லை.

டிரெய்லருக்குச் சொந்தமாக ஹாண்ட் பிரேக் கிடையாது. அதன் சக்கரங்களில் கரன்ட் பிரேக் உண்டு, ஆனால் அதை அழுத்துவது ட்ரக்கிலிருந்து வரும் ஒயர். ஒயரைப் பிடுங்கிவிட்டால் நாலரை டன்னும் அநாதை. அதைத் தடுத்து நிறுத்த ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் ஆப்பு மாதிரி கட்டை வைக்க வேண்டும், தாடையைத் திறப்பதற்கு முன்னால். இங்கிலீஷில் உயரம் கொடுக்கிற கட்டைக்கு பிளாக் என்று பெயர், உருளாமல் தடுக்கிற கட்டைக்கு சாக் என்று பெயர். பிளாக், சாக். வேறு வேறு வார்த்தை. அத்தானும் நானும் தமிழில் பேசிக்கொண்டோம். எங்களுக்கு இரண்டுமே கட்டை.

அத்தான் ஹாண்டிலை இழுத்தார். வரவில்லை. டிரெய்லர் பின்பக்கம் இழுத்துக்கொண்டிருந்ததால் கிங் பின் தாடையை இறுக்கிப் பிடித்திருந்தது. ஹாண்டில் அப்படி முரண்டு பிடித்தால், 'எதுவோ வண்டியை இழுக்கிறது, குனிந்து பார்' என்று அர்த்தம். நாங்கள் பார்க்கவில்லை. அவர் ட்ரக்கில் ஏறி இறுக்கம் தளர ஓர் இம்மி பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு வந்து மறுபடி இழுத்தார். இந்தத் தடவை வெண்ணெய் மாதிரி வந்தது.

டிரெய்லர் நகர்ந்தது.

வேகமாக இல்லை. அதுதான் பயம். ஏதோ யோசித்து முடிவெடுத்த யானை மாதிரி மெதுவாகப் பின்னால் போனது. இடது சக்கரங்கள் மஞ்சள் கட்டையிலிருந்து இறங்கி 'தட்'டென்று மூன்று அங்குலம் விழுந்தன. உள்ளே அலமாரிக் கதவுகள் திறந்து பாத்திரங்கள் உருண்டன. முன்னங்கால்கள் பலகையிலிருந்து நழுவிச் சரளையில் உழுதுகொண்டே போயின. பின்னால் மர மேஜை. மேஜையில் அக்கா பொண்ணு, கலர் பென்சிலும் நோட்டுமாக, யெல்லோஸ்டோன் கரடியை முன்கூட்டியே வரைந்துகொண்டிருந்தாள். வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

நான் கத்தினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அக்கா ஓடியது ஞாபகம் இருக்கிறது. செருப்பு ஓரிடத்திலும் அவள் வேறிடத்திலும் இருந்தாள். குழந்தையை அப்படியே அள்ளிக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தாள்.

வண்டி நின்றுவிட்டது. மொத்தமாக நகர்ந்தது இரண்டடி இருக்கும். முன்னங்கால்கள் சரளையில் புதைந்துதான் நிறுத்தியிருக்கின்றன. வண்டிக்கும் மேஜைக்கும் நடுவில் மிச்சம் இருந்த இடத்தைப் பிறகு முழம் போட்டேன். இரண்டு முழம்.

யாரும் நகர்வதற்கு முன்னால், பக்கத்து நம்பரிலிருந்து ஒரு தாத்தா ஓடி வந்தார். வெள்ளைத் தாடி, அரை டிராயர், ஒரு காலில் மட்டும் சப்பல். கையில் இரண்டு கறுப்பு ரப்பர் ஆப்பு. எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியின் பக்கவாட்டில் மண்டியிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் அவற்றை வைத்துக் காலால் உதைத்து இறுக்கினார். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து குழந்தையைப் பார்த்து, 'ஓகே?' என்றார்.

எனக்கு ஊர் திருவாரூர். இதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆழித்தேர் ஊர். அலங்காரத்தோடு 96 அடி உயரம், 300 டன் என்று சொல்வார்கள். தேர் இழுக்க வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். ஆனால் தேரை நிறுத்துவது, ஒடிப்பது எல்லாம் சக்கரத்தோடு சக்கரமாக ஓடும் சில பேர் கையில். முட்டுக்கட்டை போடுகிறவர்கள். திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் அந்தக் கட்டைக்கு வேலை இருக்கிறது. சின்ன வயசில் பாட்டி என் அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் தேர் காட்டுவாள். "சாமியைப் பார்க்காதேடா, முதல்ல சக்கரத்தைப் பாரு" என்பாள். முட்டுக்கட்டை என்ற வார்த்தையை நம் அரசியல்வாதிகள் மேடைக்கு மேடை திட்டுவதற்கு உபயோகித்து அசிங்கப்படுத்திவிட்டார்கள். அது காரியத்தைக் கெடுக்கிற கட்டை இல்லை. வீதியில் நிற்கிற ஜனங்களைக் காப்பாற்றுகிற கட்டை.

அந்த ஊர்க்காரன் நான், கட்டை வைக்காமல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி எல்லாம் முதலிலிருந்து. ஃபிரிட்ஜை அணைத்தோம். நாலு பக்கமும் ஆப்பு வைத்து, மூக்கை உயர்த்தி, ட்ரக்கை ரிவர்ஸில் கொண்டுவந்து கிங் பின்னைக் கவ்வ வைத்து, முன்னே இழுத்து, மஞ்சள் கட்டைகளை அடுக்கி, ஏற்றி... ஒன்றரை மணி நேரம். இருட்டிவிட்டது. முன்னங்காலில் ஒன்றின் பாதம் கொஞ்சம் வளைந்திருந்தது, ஆனால் தாங்கியது. தாத்தா கடைசிவரை கூடவே நின்று டார்ச் அடித்தார். அத்தான் தாடையைத் திறப்பதற்கு முன் அவர் ஒவ்வொரு ஆப்பையும் போய் உதைத்துப் பார்த்தார். வாயால் கேட்கவில்லை, 'வைத்தாயா' என்று. காலால் கேட்டார்.

ராத்திரி தயிர் சாதம். அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டினால் நாங்கள் பிழைத்தோம் என்று அர்த்தம். பேசாமல் இருந்தால்தான் கஷ்டம். அத்தான்தான் ஆரம்பித்தார்.

"என் தப்புதான். சக்கரத்துக்குக் கட்டை வைக்க மறந்துட்டேன். ஹாண்டிலை இழுக்கறவன் குனிஞ்சு பார்த்திருக்கணும்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இந்த வண்டியை வித்துடுங்க."

"சரி" என்றார்.

என் வாயில் தயிர் சாதம் இருந்தது. முழுங்கின பிறகும் நான் எதுவும் சொல்லவில்லை. அத்தான் என்னை ஒரு தடவை பார்த்தார். 'விடு' என்பது போல இருந்தது. விட்டுவிட்டேன். தூங்கும்போது தரை மட்டமாகத்தான் இருந்தது, ரசமட்டம் சாட்சி. எனக்கு மட்டும் ராத்திரி பூராவும் பின்பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது.

காலையில் எழுந்தபோது தாத்தாவின் இடம் காலி. விடிவதற்கு முன்பே கிளம்பியிருக்கிறார். ரப்பர் ஆப்புகளை எங்கள் சக்கரத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ரோட்டில் அத்தான் முதலில் பேசியது தமிழைப் பற்றி. "மாப்ளே, ஒரே வார்த்தையை ரெண்டு சாமானுக்கு வெச்சுக்க முடியாது. பேர் மாத்தணும்." விண்ட் ரிவர் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் பாறை வானத்துக்கு நிற்கிறது, பார்ப்பார் யாரும் இல்லை, நாங்கள் கட்டைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில், சக்கரம் ஏறி உட்காருகிற மஞ்சள் கட்டை 'மணை'. சக்கரத்தைத் தடுக்கிறது 'முட்டு'. அக்கா பொண்ணு இரண்டையும் நோட்டில், கரடிக்குப் பக்கத்தில், இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். அவளுக்கு நேற்று நடந்தது ஒரு சாகசம். பெரியவர்களுக்குத்தான் வயிறு.

கோடி ஊரைத் தாண்டி கிழக்கு வாசல் வழியாக யெல்லோஸ்டோன். 1872-ல் அறிவிக்கப்பட்ட, உலகத்தின் முதல் தேசியப் பூங்கா. சில்வன் கணவாய் 8,500 அடிக்கு மேல், ட்ரக் மூச்சு வாங்கியது. இறங்கினால் ஏரி, கடல் மாதிரி. ஏரியிலிருந்து ஆறு வெளியே வருகிற இடத்தில் ஒரு மரப்பாலம், 1937-ல் கட்டியது. பெயர் ஃபிஷிங் பிரிட்ஜ். மீன்பிடி பாலம். 1973-லிருந்து அந்தப் பாலத்தில் மீன் பிடிக்கத் தடை! முட்டையிட வருகிற மீன்களைக் காப்பாற்றத்தான். பெயரை மட்டும் மாற்றவில்லை. நம் ஊரில் பிள்ளையார் இல்லாத பிள்ளையார் கோயில் தெரு மாதிரி.

அங்கே இருக்கும் ஆர்.வி. மைதானத்தில் கூடாரத்துக்கு அனுமதி கிடையாது. துணிச் சுவர் வைத்த டிரெய்லருக்கும் கிடையாது. கெட்டிச் சுவர் உள்ள வண்டி மட்டும்தான். காரணம், கிரிஸ்லி கரடி. அந்த ஏரியா அதன் சாப்பாட்டு ஹால். அத்தானின் செகண்ட் ஹாண்ட் வீட்டைப் பற்றி அக்கா முகத்தில் முதல் தடவையாக லேசான மரியாதை தெரிந்தது. சுவரைத் தட்டிக்கூடப் பார்த்தாள்.

நிறுத்தினோம். அன்று ஏற்ற வேண்டிய மணை ஒன்றே ஒன்று. அத்தான் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"மணை?"

"வெச்சாச்சு!"

"முட்டு?"

"வெச்சாச்சு!"

நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. அக்கா பொண்ணு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு சக்கரத்தின் முட்டையும் ஷூவால் ஓங்கி உதைத்தாள். தாத்தாவின் ரப்பருக்கு மட்டும் இரண்டு உதை. நோட்டில் டிக் போட்டாள். அப்புறம் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, தானே வண்டிக்குத் தூரமாக, முன்பக்கமாகப் போய் நின்றாள். எங்கள் கம்பெனி ஆடிட்டர்களில் பாதிப் பேருக்கு இந்தக் குழந்தையிடம் டிரெய்னிங் கொடுக்கலாம்.

அத்தான் குனிந்து நாலு சக்கரத்தையும் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஹாண்டிலைத் தொட்டார். வண்டி ஒரு மில்லிமீட்டர் நகரவில்லை. மூக்கை இறக்கினார், பின் ஜாக்கியை ஊன்றினார், ரசமட்டத்தை எடுக்க உள்ளே போனார். அதற்குள் அக்கா கல்லை அடுப்பில் போட்டுவிட்டாள். மாவு உயிரோடு இருந்தது, கொஞ்சம் புளிப்பு தூக்கல். ஒரு கரண்டி ஊற்றித் தேய்த்து, சுற்றிலும் எண்ணெய் விட்டாள். எண்ணெய் எந்தப் பக்கமும் ஓடவில்லை. தோசை காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வட்டமாக வந்தது.

"ரசமட்டத்தை உள்ளே வைங்க, வேண்டாம்" என்றாள் அக்கா. நேற்றிலிருந்து அவள் அத்தானிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

வண்டியை விற்கும் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை. இந்த வருஷமும் எங்கேயோ கிளம்பிப் போயிருக்கிறார்கள். முட்டு உதைக்கும் உத்தியோகம் அக்கா பொண்ணுக்கே பர்மனென்ட் ஆகிவிட்டதாகக் கேள்வி.

முதல் தோசையை அக்கா எனக்குத்தான் கொடுத்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தட்டை நீட்டியபோது வாயைத் திறந்தேன், தோசை மணத்துக்குத் திறந்ததாக நினைத்து இன்னும் கொஞ்சம் பொடி வைத்தாள்.

அக்கா, இந்தப் பத்திரிகை எப்படியும் உன் கைக்கு வந்து சேரும். அன்றைக்கு அத்தான் மறக்கவில்லை. "கட்டை வெச்சாச்சா"ன்னு என்னைக் கேட்டார். நான்தான் போட்டோ எடுத்துக்கொண்டே, "வெச்சாச்சு"ன்னு சொன்னேன்.